யார் கண்ணுக்காக இந்த லேசர்?

போன வருடம் தை மாதம், முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி விடுப்புக் கடிதத்துடன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கண் அறுவைசிகிச்சைக்காக ஐந்து நாள் விடுப்பு. பதறிப்போய், என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல மேம், லேசர்தான். மாசியில நிச்சயம். அதுக்குள்ள கண்ணாடிய எடுத்துடணும்னு வீட்ல சொல்றாங்க” என்றாள். நான்காம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவள். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்துக்கு மேல். டாக்டர் என்ன சொன்னார் என்றேன். “இன்னும் பாக்கல மேம். நாளைக்குத்தான் டெஸ்ட். ஆபரேஷனுக்கு மட்டும் அப்பா நாள் பாத்துட்டாங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். கண்ணைப் பரிசோதிக்கும் முன்பே நாள் குறித்தாயிற்று. கண் அவளுடையது. நாள் அப்பாவுடையது. அவசரம், இன்னும் முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒரு மாப்பிள்ளை வீட்டாருடையது.

லேசர் சிகிச்சையின்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. பதினோரு வயதில் கண்ணாடி போட்டு, மைனஸ் ஆறில் வந்து நின்றவள் நான். காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தடவித் தேடாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க முடிந்தால் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பேருந்துச் சன்னலோரத்தில் மழைச் சாரல், சோறு வடிக்கும்போது ஆவி, ஓடிப்பிடித்து விளையாடும் குழந்தையின் கை என்று கண்ணாடி போட்டவளுக்கு நாள் முழுக்கச் சின்னச் சின்னத் தொல்லைகள். அவற்றிலிருந்து விடுபட ஒருத்தி விரும்பினால் அது அவள் உரிமை. நான் சண்டை போடுவது வேறொன்றோடு. கண்ணாடியைப் பெண்ணின் குறையாகவும், லேசரை அந்தக் குறையை மறைக்கும் கல்யாணச் செலவாகவும் ஆக்கி வைத்திருக்கிறோமே, அதோடு.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் சோடாபுட்டி. அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டேன் என்று நினைத்திருந்த இருபத்து மூன்றாம் வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா என் கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மைனஸ் ஆறு என்றால், ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் உலகம் மங்கல். கூடத்தில் வெள்ளையாக நான்கைந்து சட்டைகள் தெரிந்தன. முகம் ஒன்றுகூட இல்லை. மிதியடி தடுக்கிவிடக் கூடாதே என்று தரையையே பார்த்து நடந்தேன். முதல் காபியை மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் நீட்டினேன் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் அவர்களுக்கு என்னை மிகவும் பிடித்துப்போயிற்று. “குனிஞ்ச தல நிமிரல, எவ்வளவு அடக்கம்!” என்றார்களாம். பெண் பார்க்கிற சடங்குக்குச் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்கிற வேலை ஒரு பக்கத்துக்கு மட்டும். எதிரில் இருப்பவளுக்குப் பார்வை இல்லாமல் இருந்தால் இன்னும் சௌகரியம்.

அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. யாரோ போய், பெண்ணுக்குக் கண் பவர் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். “மறச்சுட்டீங்களே” என்று தரகரிடம் வருத்தப்பட்டுக்கொண்டார்களாம். அந்த மாப்பிள்ளையும் கண்ணாடி போட்டவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஆணின் முகத்தில் கண்ணாடி என்னவெல்லாம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். காந்தியின் கண்ணாடியை வட்டமாக வரைந்து தூய்மை இந்தியா திட்டத்துக்கே சின்னமாக்கிவிட்டார்கள். கண்ணாடி இல்லாத அம்பேத்கர் சிலையை எந்த ஊர் முச்சந்தியிலும் நாம் பார்ப்பதில்லை. பெரியாரை வரையும் பிள்ளைகள் தாடிக்கு அடுத்து கண்ணாடியைத்தான் வரைகிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டே பாக்யராஜ் கதாநாயகனாகப் பல வெற்றிப் படங்கள் கொடுத்தார். ஆணுக்கு அது படிப்பு, அறிவு, நிதானம். அதே கண்ணாடியைக் கதாநாயகிக்குப் போட்டால் அவள் அழகில்லாதவள் என்று அர்த்தம். பாட்டுக்கு முன்னால் அதைக் கழற்றுவாள், பின்னலை அவிழ்ப்பாள், உடனே அழகியாகிவிடுவாள்.

தமிழ் படிப்பிக்கிறவளாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்ணின் கண்ணுக்கு நம் இலக்கியத்தில் பஞ்சமே கிடையாது. குவளை, கயல், மான், மாவடு, வேல், அம்பு. எல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவனின் உவமைகள். குவளை எதையும் பார்ப்பதில்லை. வேல் எதையும் படிப்பதில்லை. ஆனால் திருக்குறளில் 118ஆம் அதிகாரம் ஒன்று இருக்கிறது, கண்விதுப்பழிதல். அங்கே தலைவி தன் கண்களோடு தானே வழக்காடுகிறாள். அவனைக் காட்டிக்கொடுத்ததும் நீங்கள், இப்போது அழுவதும் நீங்களா என்று கேட்கிறாள். ஆண் புலவர் எழுதியதுதான். ஆனாலும் அங்கே பெண்ணின் கண் ஒரு வேலை செய்கிறது. பார்க்கிறது, தேர்ந்தெடுக்கிறது, அதன் விளைவையும் சுமக்கிறது. வகுப்பில் இந்த அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காபித் தட்டு தூக்கிய அந்த நாள் நினைவுக்கு வரும்.

இந்த லேசரின் வரலாற்றில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு, ஒரு பெண்ணின் கண்ணும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போன ரங்கசாமி சீனிவாசன் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், நன்றி நவிலல் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை எடுத்துப்போய் எக்சைமர் என்ற புற ஊதா லேசரை அதன்மேல் பாய்ச்சினார். சுற்றியுள்ள தசையைச் சுடாமல், கருக்காமல், மிகத் துல்லியமாக அது செதுக்கியது. ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் அவர் செய்த அந்தக் கண்டுபிடிப்புதான் பிற்பாடு கருவிழியைச் செதுக்கும் சிகிச்சைக்கு அடிப்படையானது.

1988இல் நியூ ஆர்லியன்ஸில், பார்வையுள்ள ஒரு மனிதக் கண்ணில் அந்த லேசரை முதன்முதலாகப் பயன்படுத்தியவர் மார்கரீட் மெக்டொனால்ட் என்ற பெண் மருத்துவர். கண்ணைக் கொடுத்தவரும் பெண்தான். அறுபதைக் கடந்தவர். புற்றுநோய் காரணமாக அந்தக் கண்ணை எடுத்தே ஆக வேண்டிய நிலை. எப்படியும் போகப்போகிற கண், அதற்கு முன் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று அவராகவே முன்வந்தார். யாரும் அவருக்கு நாள் பார்க்கவில்லை. யார் முன்னாலும் அழகாக நிற்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை. தனக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரிந்து, தன் கண்ணைப் பற்றித் தானே எடுத்த முடிவு அது. நம் ஊர் விளம்பரப் பலகைகளில் பட்டுப்புடவை கட்டி, நெற்றிச்சுட்டி வைத்து, கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிரிக்கும் மணப்பெண்ணைப் பார்க்கும்போது எனக்கு அந்த மூதாட்டியின் நினைவு வரும். அவரிடம் தொடங்கியதை நாம் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்!

சரி, சிகிச்சை என்றால் என்ன? கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் அக்கறையில் பாதியாவது இதில் காட்டலாம் அல்லவா? கிட்டப்பார்வை உள்ள கண் பெரும்பாலும் முன்னும் பின்னும் சற்று நீண்ட கண். ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. லேசர், கண்ணின் முன்பக்கத்துக் கருவிழியைச் செதுக்கி ஒளியைப் பின்னால் தள்ளுகிறது. பிஆர்கே முறையில் கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டு அங்கேயே செதுக்குகிறார்கள். வலி இரண்டு மூன்று நாள் இருக்கும், பார்வை மெதுவாகத் தெளியும். லாசிக்கில் கருவிழியில் மெல்லிய மூடி ஒன்றை அறுத்துத் திறந்து, உள்ளே செதுக்கி, மூடிவிடுகிறார்கள். ஸ்மைல் முறையில் உள்ளுக்குள்ளேயே ஒரு சின்ன வில்லையை லேசரால் வெட்டி, சிறு துளை வழியாக உருவி எடுக்கிறார்கள். கருவிழி மெலிதாக இருந்தாலோ பவர் மிக அதிகமாக இருந்தாலோ, செதுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் ஐசிஎல் முறை இருக்கிறது. இவற்றில் எது, அல்லது எதுவுமே வேண்டாமா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். லாசிக்கில் மூடிக்கு 110 மைக்ரான் அளவுக்குப் போகும். ஒவ்வொரு பவருக்கும் சுமார் 15 மைக்ரான் செதுக்க வேண்டும். மைனஸ் ஆறு என்றால் 90. அடியில் குறைந்தது 250, பல மருத்துவர்கள் கணக்கில் 300 மைக்ரான் மிஞ்ச வேண்டும். 540 உள்ளவளுக்கு 340 மிஞ்சும். பிறவியிலேயே 480 உள்ளவளுக்கு 280தான். கழித்தல் கணக்கு தெரிந்த யாரும் போட்டுப் பார்க்கலாம். அதோடு கருவிழியின் வடிவத்தையும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். கெரட்டோகோனஸ் என்ற நோயில் கருவிழி மெலிந்து கூம்பு போல் முன்தள்ளும். அதன் தொடக்க அறிகுறி உள்ள கண்ணைச் செதுக்கினால், இருக்கிற பார்வையும் கெடும்.

பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரு வருடமாவது பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன் சில நாட்கள், கடின லென்ஸ் என்றால் சில வாரங்கள், அதைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு தப்பாக வரும். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் செய்யக் கூடாது, பவரே மாறக்கூடும். கண் வறட்சி பெண்களுக்குத்தான் அதிகம். அது ஏற்கெனவே இருந்தால் லேசருக்குப் பின் கூடலாம்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முன்னின்று நடத்திய லாசிக் ஆய்வு முடிவுகள் 2017இல் வெளியாயின. பங்கேற்றவர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் தங்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அதே ஆய்வில், முன்பு ஒளிவட்டம், கண்கூச்சம் போன்ற எதுவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்து அப்படி ஏதோ ஒன்று புதிதாகத் தெரிவதாகச் சொன்னார்கள். வறட்சி இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை வறட்சி வந்ததாகச் சொன்னார்கள். மிகப் பெரும்பாலோருக்கு அது தாங்கக்கூடியது, நாளடைவில் குறைவது. ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் அன்றாட வேலையில் பெரும் சிரமம். தனக்காகச் செய்துகொண்டவள் இதை எடைபோட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள். நாள் குறித்து அழைத்துப்போகப்பட்டவளுக்கு இந்த எண்களை யார் சொன்னார்கள்?

இப்போது இந்தப் பட்டியலைக் கல்யாணப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் ஆறுவதற்கு அவகாசம் கேட்கிறது. முகூர்த்தம் அவகாசம் தருவதில்லை. புகைப் பக்கம் போகாதே, கண்ணைக் கசக்காதே, சில வாரம் மை தீட்டாதே என்கிறார்கள். நாம் அவளுக்கு மை தீட்டி, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, ஓமப் புகையின் முன்னால் உட்கார வைக்கிறோம். கர்ப்ப காலத்தில் பவர் மாறலாம் என்கிறது மருத்துவம். மூன்றாம் மாதத்திலேயே “விசேஷம் உண்டா” என்று கேட்கிறது ஊர்.

செலவு முப்பதாயிரத்திலிருந்து லட்சத்துக்கு மேல் வரை ஆகிறது. நகை, சீர், மண்டபம் என்ற வரிசையில் அது பெண் வீட்டார் கணக்கில்தான் ஏறுகிறது. மாப்பிள்ளை கேட்காமலேயே கொடுக்கப்படும் வரதட்சணை இது. கேட்காததால் யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது.

பிள்ளைகளுக்கும் வந்துவிடுமே என்பார்கள். வரலாம், கிட்டப்பார்வைக்குப் பரம்பரைக்கூறு உண்டு. ஆனால் லேசர் கருவிழியைத்தான் மாற்றுகிறது, பரம்பரையை மாற்றுவதில்லை. அப்பாவிடமிருந்தும் அது வருமே, அவர் கண்ணாடியை யாராவது பீரோவில் வைத்துப் பூட்டினார்களா? ஆக, பேச்சு பிள்ளைகளைப் பற்றியதல்ல. சரக்கின் கீறலைப் பூசி மறைப்பதைப் பற்றியது.

இந்த மறைப்பில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. லேசர் முடிந்ததும் முதல் வேலையாகப் பழைய கண்ணாடி, பழைய மருந்துச் சீட்டு, கண்ணாடி போட்ட பழைய புகைப்படம் எல்லாவற்றையும் ஒழித்துவிடுகிறார்கள். “அங்க போய் எதுவும் சொல்லிக்கிட்டு இருக்காத” என்று அறிவுரை வேறு. ஆனால் லேசருக்குப் பின்னாலும் அந்தக் கண் நீண்ட கண்தான். உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்தபடியேதான் இருக்கிறது. பவர் அதிகமாக இருந்தவர்களுக்கு விழித்திரை கிழியவோ விலகவோ மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், லேசர் அந்த வாய்ப்பைக் குறைப்பதில்லை. வருடம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுவது போலிருந்தாலோ அன்றே ஓட வேண்டும். புகுந்த வீட்டில் எனக்குக் கண்ணில் ஒன்றுமே இல்லை என்று சொல்லி வைத்திருப்பவள் யாரிடம் சொல்லி ஓடுவாள்? அறுபது வயதில் கண்புரை வந்தால், வைக்க வேண்டிய லென்ஸின் அளவைக் கணக்கிட லேசருக்கு முந்தைய அளவுகள் மருத்துவருக்கு உதவும். அந்தச் சீட்டைத்தான் நிச்சயத்துக்கு முந்தின நாள் அடுப்பில் போட்டிருப்பார்கள். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று ஆண்டாண்டு காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், யாருடைய கண் என்று மட்டும் கேட்டதில்லை.

‘பெண்களே விரும்பித்தானே செய்துகொள்கிறார்கள், உங்களுக்கு என்ன’ என்று ஒரு தோழி என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. விளையாடுகிறவள், நடிக்கிறவள், பார்வைத் தகுதி கேட்கும் வேலைக்கு விண்ணப்பிக்கிறவள், சும்மா பிடிக்கவில்லை என்கிறவள், எல்லோரும் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். அழகுக்காக என்றாலும் அது தன் கண்ணாடி முன் தனக்கான அழகு என்றால் செய்துகொள்ளட்டும். விருப்பத்தைச் சோதிக்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: கல்யாணம் என்ற பேச்சே இல்லாவிட்டாலும் இதை இந்த மாதம் செய்துகொள்வாயா? ஆமாம் என்று வந்தால் நானே மருத்துவமனைக்குத் துணைக்கு வருவேன். பதில் வரத் தாமதமானால், அந்தத் தாமதம்தான் பதில்.

கண் மருத்துவமனைகளிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்முன் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, அப்பா, அம்மா இல்லாமல், எப்போது, எதற்காக என்று ஏன் கேட்பதில்லை? மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற சிகிச்சை அல்ல இது. சொட்டு மருந்தில் கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டு, விழித்திருக்கிற பெண்ணிடம் அந்த ஒளியையே பார் என்கிறார்கள். கண்ணை அசைக்காமல் ஒத்துழைக்க வேண்டியது அவள்தான். முடிவெடுக்கும்போது மட்டும் ஏன் அவள் அறைக்கு வெளியே இருக்கிறாள்?

என் மாணவி பரிசோதனைக்குப் போய் வந்தாள். கருவிழியின் வடிவம் சந்தேகமாக இருக்கிறது, இப்போது லேசர் வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி படமெடுப்போம், அதுவரை கண்ணைக் கசக்காதே என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நல்ல மருத்துவர். வாசலுக்கு வந்ததும் அம்மா, வேற ஆஸ்பத்திரில பாக்கலாம் என்றாராம். “மேம், வேற எடத்துல பண்ணிடலாமா?” என்று என்னிடம் கேட்டாள். நான் கழித்தல் கணக்கை எழுதிக் காட்டினேன். கூம்பாகிற கருவிழியை வரைந்து காட்டினேன். பிறகு அவள் அம்மாவைத் துறைக்கு வரச்சொன்னேன்.

அவரும் கண்ணாடி போட்டிருந்தார். அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் அவர் சொன்னதை மறக்க முடியவில்லை. “எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் கண்ணாடி போடவே விடல மேடம். படிக்கிறத விட்டுட்டேன்.” அந்த அம்மாவைத் திட்ட வேண்டும் என்று தயாராக வைத்திருந்த சொற்களெல்லாம் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. தனக்கு நடந்தது மகளுக்கு நடக்கக் கூடாது என்றுதான் அவர் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தார். நாம் தாய்மார்களுக்கு விட்டுவைத்திருக்கும் வழி அவ்வளவுதான்.

நிச்சயம் நடந்தது. அவள் கண்ணாடியோடுதான் மணையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியம்மா ஏதோ சொன்னதாகவும், இவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரை நன்றாக ஒருமுறை பார்த்ததாகவும் சொன்னாள். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்திலும் சந்தேகம் தீரவில்லை. தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். பழைய சீட்டுகளையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறாள்.

எனக்கும் இப்போது வெள்ளெழுத்து வந்துவிட்டது. லேசர் செய்துகொண்ட என் வயதுத் தோழிகளும் படிக்கக் கண்ணாடி தேடுகிறார்கள். நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸ் விறைக்கத் தொடங்கும், வழக்கமான லேசர் அதைத் தடுப்பதில்லை. அவர்களில் ஒருத்தி கணவர் வீட்டில் இத்தனை வருடம் சொல்லாமலிருந்ததை, புதுக் கண்ணாடி வாங்கப் போன கடையில் வைத்துத்தான் சொன்னாளாம். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் கேட்டாள், “இதுக்கா இருபது வருஷம் பயந்தேன்?”